ஆவணப்படத்துக்கு எத்தனை வாரம்? பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஊடகவியல், காட்சித் தொடர்பியல் துறைகளின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

ஆவணப்படம் எடுப்பவர்கள், தொகுப்பவர்கள், ஒலி பதிபவர்கள் எனப் பலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். பல்கலைக்கழகங்களில் ஆவணப்படம் பெரும்பாலும் ஒரு பருவத் தாளாக இருக்கிறது. பருவத்துக்கு 16 வாரம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அட்டவணையில் முதல் 8 வாரம் வரலாறும் கோட்பாடும். 9-ஆம் வாரம் தலைப்புத் தேர்வு. 12-ஆம் வாரம் கேமரா கைக்கு வருகிறது. 14-ஆம் வாரம் படப்பிடிப்பு முடிகிறது. 16-ஆம் வாரம் 15 நிமிடப் படத்தை ஒப்படைக்க வேண்டும். படத்தொகுப்புக்கு மிஞ்சுவது 10 நாள். அந்த 10 நாளில் மற்றத் தாள்களின் தேர்வும் வந்துவிடுகிறது.

இப்படி வரும் படங்களில் ஒரே மாதிரியான குறைகள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. பேட்டி கிணற்றுக்குள்ளிருந்து ஒலிக்கிறது. ஐந்து பேர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்கள் பேசுவது எதையும் நாம் கண்ணால் பார்ப்பதில்லை. நடுநடுவே ட்ரோன் காட்சி வருகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை பின்னணி இசை ஓய்வதில்லை. அதன்மேல் ஒரு குரல் கட்டுரை வாசிக்கிறது. இவற்றைப் பார்த்துவிட்டு மாணவருக்கு ஆர்வமில்லை, உழைப்பு போதாது என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதுகிறோம். இந்தக் குறைகள் ஒவ்வொன்றுக்கும் கால அட்டவணையில் ஒரு காரணம் இருக்கிறது என்பதுதான் எங்கள் வாதம். அட்டவணையை மாற்றினால், அதே மாணவர் அதே கேமராவைக் கொண்டு வேறு படம் எடுப்பார்.

தலைப்பிலிருந்து தொடங்குகிறோம். "முதியோர் தனிமை", "நீர் மாசு", "வாசிப்புப் பழக்கம்" என்று மாணவர்கள் எழுதித் தருபவை கட்டுரைத் தலைப்புகள். கேமரா முன் நிறுத்தக்கூடியது ஓர் ஆள், ஓர் இடம், ஒரு செயல். மூடப்படவிருக்கும் நூலகம் ஒன்றில், எந்தப் புத்தகம் எங்கே போகும் என்று நூலகர் 4 வாரத்துக்குள் பிரித்தாக வேண்டும் என்றால், அங்கே படம் இருக்கிறது. அதில் வேலை உண்டு, கெடு உண்டு, என்ன ஆகுமோ என்ற கேள்வியும் உண்டு. வாசிப்பு குறைந்துவருவதைப் பற்றி ஐந்து அறிஞர்கள் பேசுவதைக் காட்டிலும், அந்த நூலகர் ஒரு பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தயங்கும் 20 நொடி கூடுதலாகச் சொல்லும்.

ஆகவே முன்மொழிவு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். யார்? எங்கே? என்ன செய்துகொண்டிருக்கிறார்? எந்தத் தேதிக்குள் என்ன மாறக்கூடும்? அதைப் பார்க்க நமக்கு யார் அனுமதி தந்திருக்கிறார்? இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் போதும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத முன்மொழிவை, எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதை எழுதுவதற்கு முன் மாணவர் அந்த இடத்துக்குக் கேமரா இல்லாமல் குறைந்தது 3 முறை போயிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 2 மணி நேரமாவது அங்கே இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, என்னென்ன சத்தம் கேட்கிறது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று அரைப் பக்கக் குறிப்பு எழுத வேண்டும்.

நாற்காலிப் பேட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்பது இங்கேதான் தெரியும். முதல் சந்திப்பே கேமராவோடு நடந்தால், முன்பின் தெரியாத ஒருவரால் தரமுடிந்தது பேட்டி மட்டுமே. தன் வேலையை, தயக்கத்தை, வீட்டாரோடு பேசும் தொனியை அவர் நான்காவது ஐந்தாவது வருகையில்தான் காட்டுவார். 9-ஆம் வாரம் தலைப்பு எடுத்து 12-ஆம் வாரம் படம் பிடிக்கப் போகும் மாணவருக்கு அந்த ஐந்தாவது வருகை வாய்ப்பதே இல்லை. வருகைகள் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை ஒலி பற்றியது. இதில் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பாடத்திட்டங்களில் மிகக் குறைவாக இடம் பெறுவது இதுதான். கேமராவுக்கு 6 வகுப்பு ஒதுக்கும் திட்டங்கள் ஒலிக்கு ஒன்று ஒதுக்குகின்றன, அதுவும் மைக் வகைகளின் படத்தைத் திரையில் காட்டி முடிந்துவிடுகிறது. படம் சற்றுக் கலங்கினாலும் ஆடினாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் இரண்டு நிமிடத்தில் மனத்தால் எழுந்து போய்விடுவார். 1960-ஐ ஒட்டி ஆவணப்படத்தின் முகம் மாறியதற்கும் பாதிக் காரணம் ஒலிதான். தோளில் வைத்துச் சுமக்கக்கூடிய கேமராவோடு, ஸ்டெபான் குடெல்ஸ்கி வடிவமைத்த நாக்ரா போன்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவி சேர்ந்த பிறகுதான், மக்கள் இருந்த இடத்திலேயே பேசுவதைப் படத்தோடு ஒத்திசைத்துப் பதிய முடிந்தது. அதுவரை ஆவணப்படத்தில் பெரும்பாலும் வர்ணனைக் குரலே எல்லோருக்காகவும் பேசிக்கொண்டிருந்தது.

பேட்டி கிணற்றுக்குள் கேட்பது ஏன்? மைக் கேமராவின்மேல் இருக்கிறது, கேமரா பேசுபவரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. தூரம் இரண்டு மடங்காகும்போது வாயிலிருந்து நேரே வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. ஆனால் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி அறை முழுவதும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருக்கும். மைக்கைத் தள்ளிவைக்க வைக்க, குரல் இறங்குகிறது, எதிரொலி அப்படியே நிற்கிறது. எடிட்டிங்கில் ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். எதிரொலி நீக்கும் மென்பொருள்கள் ஓரளவு உதவும். அளவு மீறினால் குரல் தகரத்தில் தட்டியது போலாகிவிடும். மைக்கை அருகில் கொண்டுபோவதுதான் மருந்து. லேப்பல் மைக் (சட்டையில் குத்தும் சிறு மைக்) என்றால் முகவாய்க்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. பூம் (கோலின் நுனியில் பிடிக்கும் மைக்) என்றால் தலைக்கு மேலிருந்து வாயை நோக்கி, சட்டகத்துக்குள் வராத அளவில், அரை மீட்டருக்குள். வெறும் சுவரும் ஓடு பதித்த தரையும் கொண்ட அறையைவிடத் துணிகளும் அலமாரிகளும் நிறைந்த அறை நல்லது. வேறு அறை இல்லையென்றால், பேசுபவருக்கு எதிரே கேமராவுக்குப் பின்னால் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டாலே வேறுபாடு தெரியும்.

பதிவு அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சாதாரணப் பேச்சு மீட்டரில் மைனஸ் 18 டெசிபலுக்கும் மைனஸ் 12 டெசிபலுக்கும் இடையில் ஆட வேண்டும். சிரிப்போ கோபமோ வந்தாலும் மைனஸ் 6-ஐத் தாண்டக் கூடாது. பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, பிற்பாடு எதைச் செய்தாலும் திரும்ப வராது. மிகப் பெரிய ஒலியையும் வெட்டுப்படாமல் பதியக்கூடிய 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் இந்த ஆபத்தைப் பெருமளவு போக்கிவிட்டன. ஆனால் மைக்கைத் தப்பான இடத்தில் வைத்ததை அவையும் சரிசெய்யாது. கருவியின் தானியங்கி அளவு வசதியை அணைத்துவைக்கக் கற்றுக்கொடுங்கள். பேசுபவர் ஓய்ந்ததும் அது அளவைத் தானாக ஏற்றிவிடும், மின்விசிறியின் இரைச்சல் அலை போல எழுந்து அடங்கும். அதை எடிட்டிங்கில் மறைக்க வழி தெரியாமல்தான் மாணவர் இசையைப் போட்டு மூடுகிறார். தொடக்கம் முதல் முடிவு வரை ஓயாத அந்தப் பின்னணி இசையின் பிறப்பிடங்களில் ஒன்று இது.

சின்னச் சின்னப் பழக்கங்கள் சில உண்டு. பாடநூலில் வராதவை, படத்தைக் காப்பாற்றுபவை. ஒலி பதிபவர் காதை முழுதும் மூடும் ஹெட்போன் இல்லாமல் பதிவைத் தொடங்கக் கூடாது. மீட்டர் ஆடுவதைப் பார்த்தால் சட்டை உரசுவது தெரியாது, கேட்டால்தான் தெரியும். லேப்பல் கம்பியை மைக்குக்குக் கீழே ஒரு சிறு வளையமாகச் சுற்றித் துணியின் உட்புறம் டேப் போட்டு ஒட்டினால், கம்பி இழுபடும் சத்தம் மைக்கை எட்டாது. இரைச்சலைத் தவிர்க்கக் குளிர்பதனப் பெட்டியை அணைத்தால், வண்டிச் சாவியை அதற்குள்ளே வைத்துவிடுங்கள். மறுபடி போடாமல் யாரும் கிளம்ப முடியாது. ஒவ்வோர் இடத்திலும் கிளம்புவதற்கு முன் எல்லோரும் அசையாமல் நின்று 1 நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் இருக்கும் சத்தம், பதிய வேண்டும். பேச்சின் நடுவே ஒரு சொல்லை வெட்டினால் அங்கே வெறும் மௌனம் விழும், அது காதுக்கு ஓட்டை போலத் தெரியும். அந்த ஓட்டையை அடைக்க அதே அறையின் சத்தம்தான் பொருந்தும். தனி ரெக்கார்டரில் பதியும்போது தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் சரியாக ஒத்துப்போவதில்லை. நீண்ட பதிவில் கடைசிக் கைதட்டல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் நாங்கள் கேட்பது முதல் 4 வாரம். அந்த 4 வாரத்தில் கேமரா வெளியே வரவே வேண்டாம். ஒவ்வொரு மாணவரும் படமில்லாத 3 நிமிட ஒலி ஆவணம் ஒன்றைச் செய்து தரட்டும்: ஒரே ஆள், ஒரே இடம், வர்ணனை கூடாது, இசை கூடாது. கேட்பவருக்கு இடம் எப்படிப்பட்டது, ஆள் என்ன செய்கிறார், எதை எண்ணிக் கவலைப்படுகிறார் என்று புரிய வேண்டும். இதைச் செய்துமுடித்த மாணவர் பிறகு கேமராவோடு போகும்போது, ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் ஒரு காட்சியை முடித்துவைக்கும் என்று தெரிந்தே போவார். பேட்டி எடுக்கும் முறையும் இங்கேயே படிந்துவிடும்: "ம்ம்", "சரி" என்று வாய் திறக்காமல் தலையசைத்துக் கேட்பது, பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் 5 நொடி பேசாதிருப்பது. பல நேரங்களில் அந்த 5 நொடிக்குப் பிறகு வரும் வாக்கியத்துக்காகத்தான் முழுப் பேட்டியும் எடுத்திருப்போம்.

கேமரா பற்றிக் குறைவாகவே சொல்கிறோம். இதைக் கற்பிப்பதில் துறைகள் ஏற்கெனவே தேர்ந்திருக்கின்றன. இரண்டு இடத்தில் மட்டும் தவறு தொடர்கிறது. ஒன்று, விளக்கொளி துடிப்பது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஷட்டரை நொடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு என்று நிலைநிறுத்த வேண்டும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 60 அல்லது 120. சில எல்.ஈ.டி. விளக்குகள் அப்போதும் துடிக்கும். விளக்கை மாற்றுவதே வழி. இரண்டு, கைபேசியில் எடுப்பது. கைபேசியைக் குறைவாக மதிக்க வேண்டாம், நல்ல வெளிச்சத்தில் அது போதுமான கருவி. ஆனால் பல கைபேசிகள் ஃப்ரேம் வேகத்தை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே பதிகின்றன. தனியாகப் பதிந்த ஒலியோடு அதைச் சேர்த்தால், சில நிமிடத்தில் உதடும் சொல்லும் விலகும். ஃப்ரேம் வேகத்தைப் பூட்டும் செயலியில் பதிய வேண்டும். தவறிவிட்டால் எடிட்டிங் தொடங்கும் முன்பே கோப்புகளை நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பாதித் தொகுப்பில் இதைக் கண்டுபிடிப்பவர்கள் அழுதுவிடுவார்கள்.

ட்ரோனுக்கு வருவோம். ட்ரோன்மேல் எங்களுக்குப் பகையில்லை. மாணவர் அதை நாடுவது, இரண்டு பேட்டித் துண்டுகளுக்கு நடுவே போட வேறு காட்சி இல்லாததால். காட்சியாக எடுக்கக் கற்கவில்லை என்பதே அதன் பொருள். கையால் செய்யும் ஒரு வேலையை, தொடக்கம் முதல் முடிவு வரை, 10 ஷாட்டில் எடுக்கச் சொல்லுங்கள். மண்பாண்டம் வனைவதோ மிதிவண்டிச் சக்கரம் கோட்டம் எடுப்பதோ எதுவானாலும் சரி. முழு இடம், ஆள், கை, கருவி, முகம், அவர் பார்க்கும் பொருள், பக்கத்தில் நிற்பவர், ஆள் சட்டகத்துக்குள் வருவது, சட்டகத்தைவிட்டுப் போவது, வேலை முடிந்த பின் இருக்கும் வெற்றிடம். ஒவ்வொரு ஷாட்டும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. செயல் முடிந்த பிறகும் 5 நொடி விட்டு நிறுத்த வேண்டும். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு சீக்கிரம் நிறுத்திவிடுவது. முகத்தில் ஏதோ ஒன்று மாறுவது பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான். இந்த 10 ஷாட் இசையில்லாமல், பேச்சில்லாமல் ஒட்டினாலே புரிகிறதா என்று வகுப்பில் ஓட்டிப் பாருங்கள். இப்படி மூன்று காட்சி எடுத்துப் பழகியவருக்கு ட்ரோன் தேவைப்படாது. தேவைப்பட்டால் ஏன் என்று சொல்லத் தெரிந்திருக்கும்.

கோப்புகளைப் பாதுகாப்பதை முதல் படப்பிடிப்புக்கு முன்பே ஒரு வகுப்பாக நடத்துங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. எடுக்கும். 8 மணி நேர ரஷஸ் (வெட்டாத மூலப் பதிவு) என்றால் 360 ஜி.பி. அதற்கு 3 பிரதி வேண்டும், இரண்டு வேறு வேறு வன்வட்டுகளில், மூன்றாவது வேறு கட்டடத்தில். கார்டை அழிப்பதற்கு முன் இரண்டு பிரதியிலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதோடு, ஒவ்வொரு கோப்பையும் திறந்து கடைசி 5 நொடியை ஓட்டிப் பார்க்க வேண்டும். இரவு களைத்துப்போய் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வைத்த கார்டுதான் மறுநாள் அவசரத்தில் அழிக்கப்படுகிறது. ஆகவே படம் பிடித்தவரே பிரதி எடுக்கக் கூடாது, குழுவில் அன்று கேமரா தொடாதவர் எடுக்க வேண்டும் என்று விதியே வைத்துவிடலாம்.

ஒப்புதல் பற்றி எங்களுக்கு உண்மையான வருத்தம் உண்டு. பல துறைகளில் அது ஒரு தாளில் ஒரு கையெழுத்து. படப்பிடிப்பு முடிந்து, ஒப்படைக்கும் வாரத்தில், கோப்பில் வைப்பதற்காக வாங்கப்படுகிறது. படத்தில் வருபவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்று அறியாமல் போடும் கையெழுத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. படிவம் அவருக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு மாணவர் சொந்தச் சொற்களில் விளக்கி, அவர் சம்மதம் சொல்வதைக் கேமராவிலேயே பதிய வேண்டும். படம் வகுப்பில் மட்டும் காட்டப்படுமா, விழாக்களுக்குப் போகுமா, இணையத்தில் ஏறுமா என்பவை மூன்று தனித்தனிச் சம்மதங்கள்; மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். எந்தத் தேதி வரை பின்வாங்கலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் பெற்றோரின் சம்மதம் தேவை, அதோடு அந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். மருத்துவமனை, சிறை, விடுதி போன்ற இடங்களில் நிர்வாகம் தரும் அனுமதி, அங்கே இருப்பவரின் சம்மதம் ஆகிவிடாது. நிர்வாகத்தின் முன்னால் மறுக்கும் நிலையில் அவர் இருக்கிறாரா என்று மாணவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

படம் பூட்டப்படும் முன், அதாவது இனி வெட்டுகள் மாறாது என்று முடிவாகும் முன், அதில் வருபவர்களுக்குக் காட்டுவதை அட்டவணையில் ஒரு நாளாகக் குறியுங்கள். 1967-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக ஃபோகோ தீவில் படமெடுத்த காலின் லோ, எடுத்ததை வெளியே காட்டுமுன் அந்தத் தீவு மக்களுக்கே போட்டுக் காட்டி அவர்களின் ஒப்புதலைப் பெற்றார். தீவின் ஒரு பகுதியினர் இன்னொரு பகுதியினரின் பேச்சைத் திரையில் கேட்டது, அவர்களுக்குள் உரையாடல் தொடங்க வழியானது. எல்லாப் படத்துக்கும் இதே முறை பொருந்தாது. அதிகாரத்தில் இருப்பவரை விசாரிக்கும் படத்தில், வெட்டும் உரிமையை அவரிடம் கொடுக்க முடியாது. எந்தப் படத்தில் எது பொருந்தும் என்று மாணவர் காரணத்தோடு எழுதித் தரட்டும். அந்த இரண்டு பக்கம் அறவியல் பற்றிய நான்கு விரிவுரைக்கு ஈடாகும்.

இனி படத்தொகுப்பு. எங்கள் மூன்றாவது கோரிக்கையும் மிகப் பெரிய கோரிக்கையும் இதுவே: 16 வாரத்தில் 6 வாரம் இதற்கு வேண்டும். காரணம் எளிய கணக்கு. 10 நிமிடப் படத்துக்கு 8 மணி நேர ரஷஸ் என்பது ஆவணப்படத்தில் அதிகமல்ல. அதை முழுவதும் பார்த்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேரக்குறியும் ஒருவரிக் குறிப்பும் எழுத, ரஷஸின் நீளத்தைப் போல 3 மடங்கு நேரம் ஆகும்; அது 24 மணி நேரம். அதில் 3 மணி நேரம் பேட்டி என்றால், பேச்சைக் கேட்டுக் கையால் எழுத்தாக்கம் செய்ய, ஒரு மணி நேரப் பேட்டிக்கு 4 முதல் 5 மணி நேரம் பிடிக்கும். அது 12 முதல் 15 மணி நேரம். தானியங்கி எழுத்தாக்கம் வந்துவிட்டதே என்பீர்கள். வட்டார வழக்கிலும், இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடத்திலும் அது தவறு செய்யும். ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தத்தான் வேண்டும். ஒரு வெட்டுக்கூட விழுவதற்கு முன் ஏறத்தாழ 40 மணி நேர வேலை காத்திருக்கிறது. மற்றத் தாள்களையும் படிக்கும் மாணவருக்கு இதுவே இரண்டு வாரம். 10 நாளில் படம் கேட்டால் அவர் எதை விடுவார்? ரஷஸைப் பார்ப்பதை விடுவார். நினைவில் நிற்பதை மட்டும் எடுத்து ஒட்டுவார். நினைவில் நிற்பது பேட்டிகள்தான், ஏனென்றால் அவை சொற்களாக இருக்கின்றன. விட்டுப்போன இடங்களை இணைக்கப் பின்னணிக் குரல் எழுதுவார். கட்டுரை வாசிக்கும் அந்தக் குரல் இப்படித்தான் பிறக்கிறது.

குறிப்பெடுப்பதைப் படப்பிடிப்பு முடியும் வரை தள்ளிப்போடாமல், அன்றன்று எடுத்ததை 48 மணி நேரத்துக்குள் பார்த்து எழுத வேண்டும் என்று விதியுங்கள். அப்படிப் பார்க்கும்போதுதான் அடுத்த முறை போய் எதை எடுக்க வேண்டும் என்பது தெரியும். பிறகு பேப்பர் எடிட், அதாவது காட்சிகளின் வரிசையைத் தாளிலேயே அமைத்துப் பார்ப்பது. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சிறு அட்டை: என்ன நடக்கிறது, இதற்குப் பிறகு பார்வையாளருக்குப் புதிதாக என்ன தெரியும். இரண்டாவது வரியை எழுத முடியாத அட்டைகளை ஒதுக்கிவைக்க வேண்டும். சுவரில் ஒட்டி, இடம் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கணினியில் இதைச் செய்தால் ஒரு காட்சியை நகர்த்தவே மனம் வராது. அட்டையை நகர்த்த ஒரு நொடி போதும்.

முதல் கோர்ப்பு (தேர்ந்த காட்சிகளை வரிசையாக ஒட்டியது) 40 நிமிடம் வந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் இயல்பு. அடுத்து 18 நிமிட ரஃப் கட், அதாவது இன்னும் செப்பனிடாத வரைவுத் தொகுப்பு. அதை வகுப்புக்குக் காட்டும்போது "பிடித்திருக்கிறதா" என்ற கேள்வியைத் தடைசெய்யுங்கள். பார்த்தவர்கள் எழுதித் தர வேண்டியது மூன்று: படத்தில் என்ன நடந்தது என்று 3 வரி, யார் யார் என்று குழம்பிய இடம், கவனம் கலைந்த இடம், நிமிடக் கணக்கோடு. ஐந்து பேர் ஒரே நிமிடத்தைக் குறித்தால் அங்கே சிக்கல் இருப்பது உறுதி. ஆனால் சிக்கலின் வேர் பெரும்பாலும் அதற்கு இரண்டு நிமிடம் முன்னால் இருக்கும், சொல்லியிருக்க வேண்டிய ஏதோ ஒன்று அங்கே சொல்லப்படாமல் போயிருக்கும். ரஃப் கட்டுக்குப் பிறகு ஒரு நாள் மறுபடியும் கேமராவை எடுத்துக்கொண்டு போக அனுமதி கொடுங்கள். என்ன விடுபட்டது என்று அப்போதுதான் தெரியும். 14-ஆம் வாரமே கருவிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் துறைகள் இந்த வாய்ப்பைப் பறிக்கின்றன.

அட்டவணை இப்படி ஆகலாம். 1 முதல் 4 வரை ஒலி. அதே வாரங்களில் வருகைகள். 5-இல் முன்மொழிவும் ஒப்புதலும். 5 முதல் 9 வரை படப்பிடிப்பு, கூடவே குறிப்பெடுப்பு. 10-இல் பேப்பர் எடிட்டும் முதல் கோர்ப்பும். 12-இல் ரஃப் கட், மறுபடப்பிடிப்புக்கு ஒரு நாள். 14-இல் படத்தில் வருபவர்களுக்குக் காட்டித் திருத்தி, காட்சிகளைப் பூட்டுவது. 15-இல் ஒலிக் கலவை, வசன வரிகள். 16-இல் திரையிடல். படத்தின் நீளத்தை 15 நிமிடத்திலிருந்து 8 முதல் 10 நிமிடமாகக் குறையுங்கள். நீளம் அதிகமென்றால் உழைப்பும் அதிகம் என்ற கணக்கு ஆவணப்படத்தில் செல்லாது.

வரலாறும் கோட்பாடும் என்ன ஆவது என்று கேட்பீர்கள். அவற்றை விடச் சொல்லவில்லை. பயிற்சிகளுக்குள் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறோம். ஒலி வாரத்தில் ஒத்திசை ஒலி வந்த காலத்துப் படங்கள், ஒப்புதல் வாரத்தில் வழக்குக்கும் தடைக்கும் ஆளான படங்கள், பேப்பர் எடிட் வாரத்தில் ஒரே ஒரு படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்து அட்டையில் எழுதுவது. தான் மாட்டிக்கொண்டிருக்கும் சிக்கலை இன்னொருவர் எப்படித் தீர்த்தார் என்று தேடும் மாணவர், படத்தைப் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.

மதிப்பெண் மாறாவிட்டால் அட்டவணை மட்டும் மாறிப் பயனில்லை. பெரும்பங்கு முடிந்த படத்துக்கே போனால், மாணவர் முடிவை மட்டுமே பார்ப்பார். 100-க்கு ஒலி ஆவணம் 15, வருகைக் குறிப்பும் முன்மொழிவும் 15, ஒப்புதல் கோப்பும் தரவுப் பாதுகாப்பும் 10, குறிப்பேடு, பேப்பர் எடிட், ரஃப் கட் மூன்றுக்கும் சேர்த்து 25, படம் 25, நேர்முகத் தேர்வு 10 என்று பிரிக்கலாம். நேர்முகத்தில் "ஏன் இந்தத் தலைப்பு" என்று கேட்காமல், ரஷஸிலிருந்து ஒரு துண்டை ஓட்டி, இது ஏன் படத்தில் இல்லை என்று கேளுங்கள். ரஷஸைப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் உள்ள வேறுபாடு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குழு 3 பேருக்கு மேல் வேண்டாம். 6 பேர் கொண்ட குழு ஒரு சின்ன அறைக்குள் நுழைந்தால் அங்கே நடந்துகொண்டிருந்தது நின்றுவிடும். பயிற்சிகளில் கேமரா, ஒலி, தொகுப்பு மூன்றும் எல்லோர் கையிலும் மாறி வரட்டும். படத்தில் பொறுப்பு நிலையாக இருக்கட்டும். ஒலியை "மிச்சமிருப்பவர் பார்த்துக்கொள்வார்" என்று விட வேண்டாம். ஒரு குழுவுக்குத் தேவை ஒரு கேமரா அல்லது கைபேசி, ஒரு ட்ரைபாட், ஒரு ரெக்கார்டர், ஒரு லேப்பல், காற்றுறையோடு ஒரு பூம் மைக், ஹெட்போன், இரண்டு வன்வட்டு. புதிய கேமரா வாங்க வைத்திருக்கும் தொகை இருந்தால், இந்த ஆண்டு அதை மைக்குக்கும் ஹெட்போனுக்கும் வன்வட்டுக்கும் மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, சின்னதுதான். கருவி அறை மாலை 5 மணிக்குப் பூட்டப்படுகிறது, வார இறுதியில் திறப்பதில்லை. படமெடுக்கப்படுபவர்களோ விடியற்காலை 4 மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள், இரவு 9 மணிக்கு வீடு திரும்பிப் பேசத் தொடங்குகிறார்கள். கருவிகளை 5 நாள் தொடர்ந்து எடுத்துச்செல்லும் விதி இல்லாதவரை, பகல் 11 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் நடப்பது மட்டுமே மாணவர் படங்களில் வரும். இதற்குப் பாடத்திட்டக் கூட்டம்கூடத் தேவையில்லை. துறைத் தலைவர் ஒரு சுற்றறிக்கை போட்டால் அடுத்த திங்கட்கிழமையே நடைமுறைக்கு வந்துவிடும்.

4-ஆம் வாரம் ஒலி ஆவணங்களைக் கேட்கவும், 12-ஆம் வாரம் ரஃப் கட் பார்க்கவும் வெளியிலிருந்து ஆள் தேவைப்பட்டால் எங்களில் இருவர் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம். தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆவணப்பட இயக்குநர்கள், படத்தொகுப்பாளர்கள், ஒலிப்பதிவாளர்கள்